முத்தாக்கும் புழு: ஒரு பெயரின் வரலாறு

முத்து எப்படி உண்டாகிறது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி, வாய் திறந்து காத்திருக்கும் சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பார்கள். பள்ளி மாணவர் ஒருவரைக் கேட்டால், மணல் ஒன்று சிப்பிக்குள் புகுந்து உறுத்துவதால் முத்து உண்டாகிறது என்பார். முதலாவது அழகான கற்பனை. இரண்டாவதும் அநேகமாகக் கற்பனையே; மணலை வெளியே தள்ளுவது சிப்பிக்கு அன்றாட வேலை. இவற்றைத் தவிர மூன்றாவதாகவும் ஒரு விடை இருந்தது. திருக்கை மீனின் குடலில் வாழும் நாடாப்புழுவின் லார்வா ஒன்று சிப்பியின் தசைக்குள் புகுந்து, அங்கேயே மடிந்து, முத்தின் கருவாகிவிடுகிறது என்பது அவ்விடை. இதைச் சொன்னவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். சொல்லப்பட்ட இடமும் நமக்கு அந்நியமானது அன்று. தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாதான் அது.

மீன்களின் உடலில் வாழும் தட்டைப்புழுக்களை எப்படி இனம் பிரிப்பது என்பது விலங்கியலில் ஒரு மூலையில் கிடக்கும் வறட்டுப் பொருள் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மூலைக்குள் ஓர் அரசாங்கத்தின் வருமானமும், ஆயிரக்கணக்கான முத்துக்குளிப்போரின் பிழைப்பும் ஒரு காலத்தில் வந்து சிக்கிக்கொண்டன. அந்தக் கதையைத்தான் இங்குக் காணப் போகிறோம்.

முதலில் புழுக்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். பவளப் பாறைகளின் நடுவே ஒரு கிளாத்தி மீனைப் பிடித்து அறுத்துப் பார்த்தால், அதன் உடலில் மூவகைத் தட்டைப்புழுக்களைக் காண வாய்ப்புண்டு. செவுள் இழைகளில் கொக்கிகளை மாட்டிக்கொண்டு தொங்குபவை ஒரு வகை. இவற்றிற்கு ஒரே விருந்தோம்பி போதும். மீனிலிருந்து மீனுக்கு நேராகவே பரவிவிடும். இவற்றை மானோஜீனியா என்பர். குடலில் உறிஞ்சிகளால் ஒட்டிக்கொண்டிருப்பவை டைஜீனியா. இவற்றின் இளமைப் பருவம் பெரும்பாலும் ஏதோ ஒரு நத்தையினுள் கழியும். மூன்றாவது வகைதான் நாடாப்புழுக்கள். இவற்றிற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. விருந்தோம்பி செரித்து வைத்த உணவைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கின்றன. கடலில் வாழும் நாடாப்புழுக்களில் பெரும்பாலானவை முதிர்ச்சி அடைவது சுறாக்களின், திருக்கைகளின் குடலில்தான். அதற்கு முன்பு அவை இறாலின் உறவினமான நுண்ணுயிர்கள், சிப்பிகள், சிறுமீன்கள் என்று ஒன்றிலோ பலவற்றிலோ தங்கிச் செல்கின்றன. ஒன்றை ஒன்று தின்னும்போது புழுவும் வண்டி மாறுகிறது.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். வண்டி மாறும்போதெல்லாம் புழு உருவமும் மாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒட்டுண்ணிப் புழுக்களை முறையாக வகைப்படுத்திய ருடால்ஃபி என்ற அறிஞர் அவற்றை ஐந்து வரிசைகளாகப் பிரித்தார். நாடாப்புழுக்கள் ஒரு வரிசை. நீர்ப்பை போன்ற உடலுடைய பைப்புழுக்கள் தனியாக வேறொரு வரிசை. பைப்புழு என்பது நாடாப்புழுவின் இளமைப் பருவமே என்பது அன்று தெரியாது. 1850களில் கூக்கென்மைஸ்டர் என்ற ஜெர்மானிய மருத்துவர் பைப்புழுக்களை விலங்குகளுக்கு உணவில் கலந்து கொடுத்து, அவை குடலில் நாடாப்புழுக்களாக வளர்வதைக் காட்டிய பின்னர்தான் ஒரு வரிசை முழுவதுமே அடித்து எழுதப்பட்டது. குழந்தைகளையெல்லாம் தனியொரு சாதி என்று எழுதிவைத்த குடிக்கணக்கு அது!

இனி மன்னார் வளைகுடாவிற்கு வருவோம்.

இங்கே கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்று நம் மீனவர்கள் வழங்குவர். பெரியபார், செவல்பார் என்று ஒவ்வொன்றிற்கும் பெயர் உண்டு. ஆங்கிலேயர் எழுதிய அறிக்கைகளிலும் இதே தமிழ்ப் பெயர்களே இடம்பெற்றுள்ளன. இப்பார்களில் முத்துச்சிப்பிகள் கோடிக்கணக்கில் படிந்து வளரும். சில ஆண்டுகளில் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தும் போகும். இலங்கைக் கரையில் 1891இல் நடந்த முத்துச் சலாபத்திற்குப் பிறகு 1903 வரை சலாபமே நடைபெறவில்லை. படகோட்டிகள், குளிப்போர், சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் கடல்கட்டிகள், கரையில் கூடும் வணிகர்கள் எல்லோரும் ஆண்டுதோறும் காத்திருந்து ஏமாந்தனர். அரசாங்கமும் ஏமாந்தது.

இந்நிலையில்தான் லிவர்பூலில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியராயிருந்த ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல் என்ற இளைஞரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 1902 ஜனவரியில் இலங்கைக்கு வந்தார். சில மாதங்களில் ஹெர்ட்மன் திரும்பிவிட்டார். ஹார்னெல் தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இவர்களுடைய அறிக்கை ஐந்து பகுதிகளாக 1903 முதல் 1906 வரை இலண்டன் ராயல் சொசைட்டியால் வெளியிடப்பட்டது. நம் கடலின் உயிரினங்களைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பெரிய நூல்களில் அதுவும் ஒன்று.

சிப்பிகள் ஏன் மறைகின்றன என்று காணவே அவர்கள் வந்தனர். ஆனால் முத்து ஏன் உண்டாகிறது என்ற கேள்வியும் கூடவே ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்கதை உண்டு. இலங்கையில் பிறந்து இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய கெலார்ட், 1850களின் பிற்பகுதியில் அரசாங்கத்துக்காக இப்பார்களை ஆராய்ந்தபோது, சிப்பிகளின் உடலில் புழுக்களைக் கண்டு, முத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியிருந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இத்தாலியில் பிலிப்பி என்பவர் குளத்து மட்டிகளில் இதைப் போன்ற தொடர்பைக் கண்டிருந்தார். 1901இல் பிரெஞ்சு அறிஞர் தியுபுவா, முத்து என்பது ஒரு புழுவின் பளபளப்பான கல்லறையே என்று பொருள்படச் சொன்னார். ஆகவே ஹெர்ட்மனும் ஹார்னெலும் சிப்பியை அறுக்கும்போது புழுவைத் தேடியதில் வியப்பில்லை.

தேடியது கிடைத்தது. சிப்பியின் உடலெங்கும் சிறு வெண்ணிற உருண்டைகளாக நாடாப்புழு லார்வாக்கள் இருந்தன. சிப்பிகளைக் கடித்துத் தின்னும் கிளாத்தி மீன்களின் உடலில் வேறு லார்வாக்கள் இருந்தன. இவை தலையில் நான்கு நீண்ட உணர்கொம்புகளும் அவற்றில் வரிசை வரிசையாகக் கொக்கிகளும் உடையவை. திருக்கைகளின் குடலில் அதே நான்கு கொம்புகளுடன் முதிர்ந்த புழுக்கள் இருந்தன. சிப்பியைக் கிளாத்தி தின்கிறது. கிளாத்தியைத் திருக்கை தின்கிறது. சங்கிலி பொருந்திவிட்டது போலத் தோன்றுகிறதல்லவா? ஹார்னெல் அனுப்பிய புழுக்களைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த ஷிப்லி, ஹார்னெலுடன் சேர்ந்து 1904இல் அதற்கு ஒரு பெயரைச் சூட்டினார்: டெட்ராரிங்கஸ் யூனியோனிஃபேக்டர். டெட்ராரிங்கஸ் என்பது நாற்கொம்பு மூக்கனைக் குறிக்கும் பேரினப் பெயர். யூனியோ என்பது இலத்தீன் மொழியில் பெரிய முத்து. ஃபேக்டர் என்றால் செய்பவன். முத்தாக்குவோன்! புழுவின் தொழிலே அதன் பெயராயிற்று.

ஒரு கொள்கையைச் சிற்றினப் பெயருக்குள் பொதிந்து வைப்பது அபாயகரமான வேலை. கொள்கை நாளை மாறலாம், பெயர் மாறாது. ஷிப்லி நல்ல விலங்கியலார், ஹார்னெல் கடலை அறிந்தவர். ஆயினும் இந்த ஓர் இடத்தில் அவர்கள் அவசரப்பட்டனர் என்றே நான் கருதுகிறேன்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே என் துறைக்கு அருகிலுள்ள ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்ககம் இருக்கிறது. 1988 பிப்ரவரியில் அங்கே ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அது கணித மேதை இராமானுஜனின் பெயரைத் தாங்கி, 4130 என்ற எண்ணுடன் விளங்குகிறது. ஆனால் படத்தில் புள்ளி தெரிந்த அன்றே அதற்குப் பெயர் வைத்துவிடவில்லை. முதலில் ஒரு தற்காலிகக் குறியீடு மட்டுமே. பல இரவுகளின் நிலைகளைச் சேர்த்து, அதன் சுற்றுப்பாதை உறுதியான பிறகுதான் எண்ணும் பெயரும். லார்வாவும் ஒரே இரவில் கண்ட புள்ளியைப் போன்றதுதான். அதன் பாதை, அதாவது எந்த முட்டையிலிருந்து வந்து எந்தக் குடலில் போய் முதிர்கிறது என்பது தெரியாதவரை, அது யார் என்று சொல்ல முடியாது. விலங்கியலாரிடமும் ஒரு தற்காலிகக் கூடை உண்டு. மீன்களில் காணப்படும், இன்னதென்று தெரியாத சில நாடாப்புழு லார்வாக்களை ‘ஸ்கோலெக்ஸ் பிளூரோநெக்டிஸ்’ என்ற பொதுப் பெயரில் போட்டு வைப்பது பழைய வழக்கம். மன்னார் வளைகுடாவின் வெண்ணிற உருண்டையை அப்படிப் போட்டு வைத்திருக்கலாம். ஆனால் அது முத்தோடு தொடர்புடைய புழு ஆயிற்றே!

இப்பெயர் அறிஞர்களோடு நின்றிருந்தால் குற்றமில்லை. இதனால் விளைந்த சிக்கலைப் பாருங்கள். கிளாத்தியும் திருக்கையும் முத்துச்சிப்பியின் கொடிய பகைவர்கள். ஒரு திருக்கைக் கூட்டம் புகுந்தால் ஒரு பாரே காலியாகலாம். சிப்பியைக் காக்க வேண்டுமானால் இவற்றைப் பிடித்து ஒழிக்க வேண்டும். ஆனால் கொள்கை மெய்யானால், இவற்றை ஒழித்தால் புழு ஒழியும். புழு ஒழிந்தால் முத்தும் ஒழியும். சிப்பி நிறைய இருந்தும் அதில் முத்து இராது. பகைவனைக் கொல்வதா, காப்பதா? ஒரு லார்வாவின் இனத்தைச் சரியாகச் சொன்னால்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

இதற்கிடையில் சலாபம் மீண்டும் தொடங்கியது. 1905இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசாங்கத்துக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. மறு ஆண்டே இலங்கை அரசாங்கம் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விட்டது. கம்பெனியின் அறிவியல் ஆலோசகராக சௌத்வெல் என்பவர் வந்தார். ஆனால் 1907க்குப் பிறகு சிப்பிகள் மறுபடியும் மறைந்தன. கம்பெனி சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போயிற்று. இலங்கையில் அடுத்த சலாபம் 1925இல்தான் நடைபெற்றது. சௌத்வெல்லுக்கு மட்டும் இந்த வேலையில் ஒரு பயன் கிட்டியது. நாடாப்புழுக்கள் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயின. இந்திய நாடாப்புழுக்களைப் பற்றி 1930இல் வெளிவந்த இரு தொகுதிகள் அவர் எழுதியவையே. ஹார்னெல் சென்னை மாகாண மீன்துறைக்கு வந்து, பின்னர் அதன் இயக்குநருமானார்.

ஐயம் இரண்டு திசைகளிலிருந்து எழுந்தது. பசிபிக் கடலின் பவளத் தீவுகளில் பணியாற்றிய சூரா என்ற பிரெஞ்சுக்காரர், காம்பியர் தீவுகளின் முத்துச்சிப்பியில் இதைப் போன்றே உருண்டை லார்வாக்களைக் கண்டார். பருந்து சிறகு விரித்ததுபோல் நீந்தும் புள்ளித் திருக்கையின் குடலில் இருந்த ஒரு புழுவே அதன் முதிர்ந்த வடிவம் என்றும் 1906இல் எழுதினார். அந்தப் புழுவுக்கு நான்கு கொம்புகள் இல்லை. அது டைலோசெஃபாலம் என்னும் வேறு பேரினம். குமிழ்த்தலை என்று அதற்குப் பொருள். அமெரிக்கக் கரையில் லின்டன் என்பவர் 1890இல் ஒரு திருக்கையிலிருந்து விவரித்த பேரினம் இது. அந்தத் திருக்கை ரைனாப்டெரா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மன்னார் வளைகுடாவில் கூட்டமாக வந்து சிப்பிகளை நொறுக்குவதும் ரைனாப்டெராதான். குட்டு இங்கேதான் உடைகிறது: ஒரே திருக்கையின் குடலில் நாற்கொம்புப் புழுவும் வாழ்கிறது, குமிழ்த்தலைப் புழுவும் வாழ்கிறது. ஒரே வீட்டில் குடியிருப்பதால் ஒருவருடைய பிள்ளையை மற்றவருடையது என்று எழுதிவிட்டார்கள்.

இதை வெளிப்படையாக எடுத்துச் சொன்னவர் லிஸ்டர் ஜேம்சன். இவர் புழுக் கொள்கையின் எதிரி அல்லர். ஐரோப்பியக் கடல் மட்டிகளில் முத்து உண்டாகத் தட்டைப்புழு லார்வாவே காரணம் என்று 1902இல் எழுதியவரே இவர்தான். எனவே இவருடைய மறுப்புக்கு எடை அதிகம். 1912இல் வெளிவந்த நீண்ட கட்டுரையில் அவர் இரண்டு செய்திகளைச் சொன்னார். ஒன்று, சிப்பியிலுள்ள உருண்டை லார்வாவில் கொம்புகளின் சுவடே இல்லை. அதன் முன்புறத்தில் இருப்பது தசையாலான குமிழ். ஆகவே அது டைலோசெஃபாலம்தான். மற்றொன்று, இலங்கை முத்துகளைச் சீவிப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவற்றின் நடுவில் புழுவே இல்லை. ஓட்டைப் போன்ற சுண்ணப் பொருளே கருவாக இருக்கிறது. லார்வாவுக்கு அவர் இட்ட பெயர் டைலோசெஃபாலம் லூடிஃபிகன்ஸ். லூடிஃபிகன்ஸ் என்றால் ஏய்ப்பது, விளையாட்டுக் காட்டுவது. முத்தாக்குவோன் இப்போது ஏய்ப்போன் ஆனான்! அறிவியல் கட்டுரைகளில் குறும்பு அரிது. இது அந்த அரிய இடங்களில் ஒன்று.

புழு ஏன் முத்தாவதில்லை என்பதை இன்று நாம் தெளிவாகவே சொல்லலாம். முத்தின் பளபளப்பான பொருளைச் சுரப்பவை சிப்பியின் ஓட்டை ஒட்டியுள்ள மேலாடைத் திசுவின் புறச் செல்கள் மட்டுமே. (அரை மைக்ரான் அளவே தடிப்புள்ள சுண்ணத் தகடுகள் அடுக்கடுக்காக அமைவதால்தான் அந்த வானவில் பளபளப்பு. சர் சி. வி. இராமன் பெங்களூரில் சிப்பிகளின் நிறங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அதை வேறொரு சமயம் பார்ப்போம்.) அச்செல்களில் சில, காயத்தாலோ வேறு காரணத்தாலோ, உடலுக்குள் பிதுங்கிச் சென்று ஒரு சிறு பையாக மூடிக்கொண்டால், பையின் உள்ளே சுரப்பு உருண்டு திரண்டு முத்தாகிறது. பைதான் முக்கியம், பைக்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியமல்ல. டைலோசெஃபாலம் லார்வா சிப்பிக்குள் புகுந்தால் அதைச் சூழ்ந்துகொள்பவை மேலாடைச் செல்கள் அல்ல. இணைப்புத் திசுவின் செல்களும் நார்களுமே. 1966இல் தாமஸ் செங் அமெரிக்கச் சிப்பிகளில் இதை விரிவாகக் காட்டினார். நார்ச் சிறைக்குள் அடைபட்ட புழுவைச் சுற்றி முத்துப் பொருள் சுரக்க வழியே இல்லை. எப்போதாவது ஒரு புழு மேலாடைச் செல்களைத் தன்னோடு இழுத்துச் சென்றால் அதைச் சுற்றி முத்து வரலாம். அது விதிவிலக்கு.

இக்கருத்துக்குக் கைமேல் சான்று நம் தூத்துக்குடியிலேயே கிடைத்தது. ஜப்பானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைக்கொண்ட முறையில், 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் முத்து விளைவித்தனர். ஓட்டைக் கடைந்து செய்த ஓர் உருண்டை மணி. அதை ஒட்டி வேறொரு சிப்பியின் மேலாடையிலிருந்து வெட்டிய சிறு துண்டு. இரண்டையும் சிப்பிக்குள் வைத்துவிட்டால் துண்டு பையாகிறது, பையில் முத்து விளைகிறது. புழுவுக்கு அங்கே வேலையில்லை. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1961இல், நடந்து முடிந்திருந்தது.

அப்படியானால் மன்னார் வளைகுடாவின் புழுக்களைப் பற்றிய அந்த உழைப்பெல்லாம் வீணா? இல்லை. முத்தைத் தேடிப் போனவர்கள் அறுத்த மீன்களிலிருந்து ஒரு புழு உலகமே கிடைத்தது. கோனிக்ஸ்பர்க் நகரத்து லூகே, இலங்கைக் கடல் மீன்களின் டைஜீனியாப் புழுக்களைப் பற்றி ஹெர்ட்மன் அறிக்கையிலேயே 1906இல் ஒரு பகுதி எழுதினார். இப்பகுதியின் பவளக் கடல் மீன்களில் காணப்படும் தட்டைப்புழுக்களை இன்று ஆராய்பவர் எவரும் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தொடங்க முடியாது. புழுவைத் தட்டையாக அழுத்தி, கார்மைன் சாயமேற்றி, கனடா பால்சத்தில் பதித்துக் கொக்கிகளை எண்ணும் முறையும் அன்றிலிருந்து இன்றுவரை பெரிதும் மாறவில்லை. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் நீங்களே இதைச் செய்திருப்பீர்கள்.

மாறியது ஒன்றுண்டு. லார்வாவின் சுற்றுப்பாதையைக் கணக்கிட இப்போது ஒரு கருவி இருக்கிறது. சிப்பியிலோ மீனிலோ உள்ள லார்வாவின் டி.என்.ஏ.வையும், திருக்கைக் குடலிலுள்ள முதிர்ந்த புழுவின் டி.என்.ஏ.வையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், யார் யாருடைய பிள்ளை என்பது தெரிந்துவிடுகிறது. மெக்சிகோ வளைகுடாவில் ஜென்சனும் புல்லார்டும் 2010இல் பலவகை லார்வாக்களை இப்படிப் பெற்றோருடன் பொருத்திக் காட்டினர். ‘ஸ்கோலெக்ஸ்’ கூடையிலிருந்த பல அனாதைகளுக்கு வீடு கிடைத்தது. ஜென்சன் அதற்கு முன்பே, 2005இல், குமிழ்த்தலைப் புழுக்கள் அடங்கிய வரிசை முழுவதையும் சீர்செய்து ஒரு பெரிய நூலை எழுதியவர். நாற்கொம்புப் புழுக்கள் இன்று வேறொரு வரிசை. ஷிப்லியும் ஹார்னெலும் தாயும் பிள்ளையும் என்று கருதியவை, ஒரே வகுப்பைச் சேர்ந்தவை என்பதைத் தவிர நெருங்கிய உறவற்றவை.

ஆயினும் விலங்கியல் பெயரிடு விதிகளின்படி, ஒரு பெயரின் பொருள் தவறாகிவிட்டது என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. முறைப்படி முதலில் வெளியான பெயரே நிற்கும்; பேரினம் மாறினாலும் சிற்றினப் பெயர் கூடவே போகும். ஆகவே, முத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத திருக்கைக் குடல் புழுவொன்று முத்தாக்குவோன் என்ற பட்டத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.